வாயடைக்கப்பட்ட காவல்காரன்

பெங்களூரின் பழைய ஆட்கள் ‘டாடா இன்ஸ்டிடியூட்’ என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில், அருண் குமாரின் குழு வாய்ப்புற்றுநோய்க் கட்டிகளை ஆராய்ந்தது. செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் காக்கும் ஜீன்களில் ஒன்று சிடிசி73. பல கட்டிகளில் அதன் குரல் அடங்கிக் கிடந்தது. அடக்கியது எம்ஐஆர்-155 என்ற மைக்ரோஆர்.என்.ஏ. 2013இல் வெளியான முடிவு இது.

மைக்ரோஆர்.என்.ஏ என்பது ஏறக்குறைய 22 எழுத்துள்ள துணுக்கு. அதிலிருந்து புரதம் உருவாவதில்லை. ஜீனின் செய்தியைச் சுமந்து செல்லும் தூது ஆர்.என்.ஏவின் வாலில் போய் ஒட்டிக்கொள்வதே அதன் வேலை. முழுக்கப் பொருந்தவும் வேண்டாம். இரண்டாம் எழுத்து முதல் எட்டாம் எழுத்து வரை, ஏவுக்கு எதிரே யு, ஜிக்கு எதிரே சி என்று சேர்ந்தாலே பெரும்பாலும் போதும். செய்தி பாதியில் நின்றுவிடும், அல்லது சிதைந்துபோகும். ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் 1993இல் இதைக் கண்ட விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ரவ்குனுக்கும் 2024இல்தான் நோபல் பரிசு கிடைத்தது.

சிறுநீரகப் புற்றுநோயிலும் இதே சதிதான். அங்கே மாட்டிக்கொள்வது பி-டென் என்ற நொதி. செல்லின் சவ்வில் ‘வளர், வளர்’ என்று தூண்டும் கொழுப்பு மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி, தூண்டலை அணைப்பது அதன் பொறுப்பு. எம்ஐஆர்-21 என்ற இன்னொரு மைக்ரோஆர்.என்.ஏ மிகுந்தால் பி-டென் குறையும், அணைக்க ஆளிருக்காது. எம்ஐஆர்-155உம் சிறுநீரகக் கட்டிகளில் மிகுந்தே காணப்படுகிறது. பிறவியிலேயே சிடிசி73 பழுதான சில குடும்பங்களில் தாடைக் கட்டியோடு சிறுநீரகக் கட்டியும் வருவதுண்டு.

ஜீனே பழுதானால் திருத்துவது பெரும்பாடு. வாயடைக்கப்பட்ட ஜீன் அப்படியல்ல, அடைப்பை எடுத்தால் பேசும். எம்ஐஆர்-155ஐக் கட்டிப்போடும் எதிர்த்துணுக்கைச் செலுத்தியபோது, சுண்டெலிகளில் வளர்ந்த கட்டி சிறுத்ததை பெங்களூர் குழு கண்டது. இந்தத் துறையில் இதைவிட நம்பிக்கை தரும் செய்தி குறைவு.

ஆனால் சுண்டெலி வேறு, மனிதர் வேறு. கட்டியை அடக்கும் மைக்ரோஆர்.என்.ஏ ஒன்றையே மருந்தாக்கி மனிதர்களிடம் நடந்த ஒரு சோதனை, கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது. மருந்துக்கடைக்கு இன்னும் எதுவும் வரவில்லை. அதுவரை, வாயில் மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ சிறுநீரில் ரத்தமோ கண்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.