மருந்துக்கு மசியாத கிருமி

டெல்லி ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்ற ஒருவர் சுவீடன் நாட்டுக்குத் திரும்பினார். வயது 59. இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர். 2008-ம் ஆண்டு ஜனவரியில் அங்கே அவருடைய சிறுநீரைச் சோதித்தார்கள். அதில் 'கிளெப்சியெல்லா' என்ற கிருமி இருந்தது.

அது புதிய கிருமி அல்ல. மனிதக் குடலில் சாதாரணமாக வசிப்பதுதான். ஆனால் 'கார்பாபெனம்' என்ற ஊசி மருந்துக்கு அது மசியவில்லை. மற்ற மருந்துகள் கைவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர்கள் கடைசியாக வைத்திருக்கும் மருந்து அது!

ஆராய்ந்தபோது, அதுவரை யாரும் அறியாத ஒரு மரபணு அந்தக் கிருமிக்குள் இருந்தது. பெனிசிலின் இனத்து மருந்துகளில் ஒரு வளையம் உண்டு. மருந்தின் உயிர்நாடியே அதுதான். அந்த வளையத்தை உடைக்கும் ஒரு நொதியை இந்த மரபணு தயாரிக்கிறது. வளையம் உடைந்துவிட்டால் அந்த ஊசி தண்ணீருக்குச் சமம்.

நொதிக்கு டெல்லியின் பெயரைச் சேர்த்து என்.டி.எம்.-1 என்று பெயர் வைத்தார்கள்.

கை மாறும் மரபணு

டாக்டர்களைக் கலங்க வைத்தது வேறொரு விஷயம். அந்த நோயாளியின் மலத்தில் இருந்த 'ஈ.கோலை' என்ற வேறு கிருமியிலும் இதே மரபணு இருந்தது.

இது எப்படி? கிருமியின் உடலில் சிறு வளையம் போன்ற மரபணுத் துண்டுகள் தனியாக உண்டு. 'பிளாஸ்மிட்' என்று பெயர். ஒரு கிருமி பக்கத்துக் கிருமியோடு ஒட்டிக்கொண்டு, இந்தத் துண்டின் நகலைக் கொடுத்துவிடும். அவை சாதி பார்ப்பதில்லை! ஒரே துண்டில் பல மருந்துகளை முறிக்கும் மரபணுக்கள் சேர்ந்திருப்பதும் உண்டு.

பட்டியலில் பெங்களூர்

சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும், பிரிட்டனில் கார்டிப் பல்கலைக்கழகத்தில் இருந்த டிமோதி வால்ஷும், வேறு பலரும் சேர்ந்து நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளைச் சோதித்தனர். 2010-ம் ஆண்டு ஆகஸ்டில் முடிவு வெளியாயிற்று. இந்த மரபணு உள்ள கிருமிகள் சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37. இந்தியா, பாகிஸ்தானின் மற்ற ஊர்களில் 73. அந்த ஊர்ப் பட்டியலில் பெங்களூரும் இருந்தது.

ஊர்ப்பெயரை வைத்ததற்கு இந்தியாவில் பலத்த எதிர்ப்பு. அப்படிப் பெயர் வைத்தது தவறு என்று, ஆய்வை வெளியிட்ட 'லான்செட்' பத்திரிகைக் குழுமத்தின் ஆசிரியரே 2011-ல் ஒப்புக்கொண்டார். கிருமிக்கு இந்தச் சண்டை எதுவும் தெரியாது. அதே ஆண்டு டெல்லியில் 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளைச் சோதித்ததில் இரண்டில் இந்த மரபணு இருந்தது. தெருவில் தேங்கிய நீரில் 171-க்கு 51!

"ஒரு செட் மாத்திரை"

பீனியாவில் ஷிப்ட் வேலை பார்ப்பவருக்குக் காய்ச்சல் வருகிறது. டாக்டரிடம் போனால் அரை நாள் சம்பளம் போகும். பீஸ் வேறு. "அண்ணே, காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க" என்று மருந்துக் கடையில் கேட்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அந்தச் செட்டில் ஆன்டிபயாடிக் ஒன்றும் இருந்தால் வம்புதான். சளி, புளூ காய்ச்சல் எல்லாம் வைரசால் வருபவை. ஆன்டிபயாடிக் வைரசை ஒன்றும் செய்யாது. அது குடலில் உள்ள சாதுவான கிருமிகளைக் கொல்லும். எதிர்ப்பு மரபணு உள்ளவை மட்டும் தப்பிப் பிழைத்துப் பெருகும். பிறகு ஆபரேஷனுக்கோ பிரசவத்துக்கோ ஆஸ்பத்திரியில் படுக்கும்போது அவையே புண்ணிலும் ரத்தத்திலும் புகுந்துகொள்ளலாம்.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு உரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒருவருக்குத் தொண்டை வலி. தானே பெனிசிலின் வாங்கி, போதாத அளவு சாப்பிடுகிறார். கிருமி சாகவில்லை, மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. அது மனைவிக்குத் தொற்றி, நிமோனியா ஆகிறது. இப்போது பெனிசிலின் கொடுத்தும் பலனில்லை. மனைவி இறந்துபோகிறார்.

உலகம் முழுவதும் 2019-ல் மட்டும் இப்படி மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்பது மதிப்பீடு.

சிவப்புக் கோடு

முக்கியமான சில ஆன்டிபயாடிக்குகளை 'எச்-1' என்ற பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. 2014 மார்ச் முதல் இது அமலில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக்கூடாது. சீட்டு எழுதிய டாக்டர், நோயாளி, மருந்து, அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனி நோட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

மாத்திரை அட்டையின் ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டுக்கு மட்டுமே உரிய மருந்து என்று அர்த்தம். கன்னடமோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாதவர்களுக்கும் கோடு தெரியும். கத்தரித்துத் தரும் இரண்டு மாத்திரையில் அந்தக் கோடு இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கலாம். துண்டில் தெரியாவிட்டால், முழு அட்டையைக் காட்டும்படி கடைக்காரரிடம் கேட்கலாம்.