திருச்சி – யாழ்ப்பாணம்: 185 கி.மீ. பறக்க ஒரு மணி நேரம் ஏன்?

திருச்சிக்குப் பக்கம் எது, சென்னையா, யாழ்ப்பாணமா? வான்வழியில் அளந்தால் சென்னை சுமார் 295 கி.மீ.; யாழ்ப்பாணம் சுமார் 185 கி.மீ.தான்!

இந்த இரு ஊர்களுக்கும் இடையே 2025 மார்ச் 30-ல் இண்டிகோ நேரடி சேவையைத் தொடங்கியது. பறப்பது ஏ.டி.ஆர். ரகச் சிறிய புரொப்பல்லர் விமானம். இதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. அப்படியென்றால் 22 நிமிடத்தில் போய்விடலாமே, டிக்கெட்டில் ஏன் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்னு போட்டிருக்கு?

டிக்கெட்டில் இருப்பது வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்கும் வரையிலான மொத்த நேரம். ஓடுபாதைக்குப் போவது, மேலேறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் இதில் அடக்கம். குறைந்த தூரத்தில் முழு வேகத்தில் பறப்பது சில நிமிடங்கள்தான். இரு நாடுகளுக்கும் நேர வித்தியாசம் கிடையாது. கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம்.

வெளிநாட்டுப் பயணம் என்பதால் பாஸ்போர்ட், குடியேற்றச் சோதனை எல்லாம் உண்டு. இரண்டு, மூன்று மணி நேரம் முன்னதாகவே விமான நிலையம் போய்விட வேண்டும்.

அப்போ என்ன லாபம்? கொழும்பு வழியாகப் போனால் வானில் சுமார் 420 கி.மீ., பிறகு தரைவழியில் ஏறக்குறைய 400 கி.மீ. பலாலியில் இறங்கினால் யாழ் நகரம் 20 கி.மீ.க்குள். வயசானவர்களோடு சொந்தபந்தங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு, மிச்சமாவது அந்த நெடுந்தூர பஸ் பயணம்தான்.