நிற்க வைத்த படமும் நிற்காத படமும்

தை பிறந்து சம்பா அறுவடையும் முடிந்துவிட்டால் தஞ்சை வட்டாரத்தில் மண்டபங்களுக்கு ஓய்வில்லை. மளிகைச் சீட்டில் துவரம்பருப்பு இரண்டு கிலோ கூடினால் கேள்வி கேட்கும் கல்யாண வீட்டார், போட்டோக்காரர் சொன்ன தொகையை மட்டும் மறுபேச்சின்றிக் கொடுத்துவிடுகிறார்கள். நம் வணிகர் வீடுகளிலும் இதே கதைதான்.

முன்பெல்லாம் ஊர் ஸ்டூடியோக்காரர் வருவார். சுருளுக்கு 36 படம்; ஒவ்வொன்றுக்கும் காசு. எனவே மாலை மாற்றுதல், தாலி கட்டு, அம்மி மிதித்தல், பிறகு மேடையில் உறவினர் வரிசை. எல்லோரும் விறைப்பாக நிற்பார்கள். ஆனாலும் யார் யார் வந்தார்கள் என்பதற்கு மொய் நோட்டுக்கு அடுத்த சாட்சி அந்த ஆல்பம்தான். 1858-லேயே லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர், பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்வெட்டு அசையாது, கல்யாண வீட்டில் எல்லாமே அசைகிறது!

அந்த அசைவைப் பிடிப்பதுதான் இப்போதைய 'கேண்டிட்' முறை. மணப்பெண்ணின் தகப்பனார் ஓரமாகக் கண் துடைப்பதை இந்த முறையில்தான் பிடிக்க முடியும். குறையும் உண்டு. நமக்குத் தெரிந்த மளிகைக்காரர் ஒருவர் வீட்டில் கேண்டிட் மட்டும் போதும் என்றார்கள் பிள்ளைகள். ஆயிரக்கணக்கில் படம் வந்தது. தாத்தா மணமக்களோடு நின்ற படம் ஒன்றுகூட இல்லை. அடுத்த ஆடிக்குள் அவர் காலமாகிவிட்டார்.

ஆகவே இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டு பேரை அமர்த்தினால் மட்டும் ஆகாது. ஒருவர் பிளாஷ் போடுவார். மற்றவர் குத்துவிளக்கு வெளிச்சத்தையே நம்பி எடுப்பார். வீடியோக்காரரின் வெள்ளை விளக்கு எரிந்தால் அந்த வெளிச்சம் போயிற்று. அரக்குப் பட்டு ஒரு படத்தில் அரக்காகவும் இன்னொன்றில் செங்கல் நிறமாகவும் தெரியும். முகூர்த்தமோ சில நொடி. மூவரும் முன்னால் நின்றால் பந்தலில் இருப்பவர்களுக்கு அவர்கள் முதுகுதான் தரிசனம். பிளாஷ்காரர் முன்னால், கேண்டிட்காரர் நீள லென்ஸோடு பக்கவாட்டில், வீடியோ விளக்கு குறைவாக என்று முதல் நாளே மூவரையும் உட்கார வைத்துப் பேசிவிட வேண்டும். குடும்பப் படங்களுக்குப் பெயர்ப் பட்டியல் எழுதி, உறவு தெரிந்த சித்தப்பாவோ மாமாவோ ஒருவரைப் பந்திக்கு முன்பே கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். போட்டோக்காரருக்கு நம் பெரியப்பாவைத் தெரியாது.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே புகைப்படத்தின் முதல் உரிமையாளர். முன்பணச் சீட்டின் பொடி எழுத்தில் இதற்கு மாறாக ஏதும் இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் படியுங்கள். நம் வீட்டுப் பெண்ணின் படத்தை அவர்கள் விளம்பரத்துக்குப் போடலாமா கூடாதா என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். ஆல்பத்தோடு மூலக் கோப்புகளையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் கேட்டு வாங்கி, ஒன்றை நம் வீட்டிலும் மற்றதைச் சம்பந்தி வீட்டிலும் வைக்கலாம்.