பெட்டிக்குள் நடக்கும் பேரம்

ஆரணிப் பக்கத்து விவசாயி ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். நவரைப் பட்டத்தில் எலி வெட்டு தாங்க முடியவில்லையாம். கூகைக்குப் பெட்டி வைத்தால் எலி குறையும் என்று யாரோ சொல்ல, தச்சரிடம் ஒன்று செய்து வாங்கி, பம்ப்செட் கொட்டாய்க்குப் பக்கத்துப் பனையில் கட்டிவிட்டார். ஜோடியும் வந்து சேர்ந்துவிட்டது. இப்போது அவருக்கு இரண்டு கவலை. உள்ளே என்ன நடக்கிறது என்று ஏறிப் பார்க்கலாமா? ‘சாக்குருவிக்கு வீடு கட்டிக் கொடுக்கிறாயே’ என்று திட்டும் வீட்டுப் பெரியவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பெரியவர்கள் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஆந்தை வந்தால் சாவு வரும் என்ற இந்தப் பயம் நமக்கு மட்டும் உள்ளதில்லை. இஸ்ரேலில் ஸ்டே எலியாஹு என்ற கூட்டுப்பண்ணையில் 1983-இல் கூகைப் பெட்டி வைக்க ஆரம்பித்தார்கள். பறவையியலாளர் யோசி லெஷெம் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனார். கூகைக்கு எல்லைக்கோடு தெரியாது. இந்தப் பக்கம் குஞ்சு பொரித்து, அந்தப் பக்கம் ஜோர்டான் வயலில் வேட்டையாடி, அங்கே விஷம் தின்ற எலியை விழுங்கிச் செத்தது. ஜோர்டான் விவசாயிகளுக்கோ ஆந்தை என்றாலே அபசகுனம். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி மன்சூர் அபு ரஷீத் முன்னின்று, மதப் பெரியவர்களையும் பேச வைத்துத்தான் அங்கே பெட்டிகள் ஏறின. மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் வேலை பார்த்த நம்மவர்களுக்குக் கூகைப் பெட்டி பல்லாண்டுப் பழக்கம். லட்சத்தீவின் கவரத்தியில் தென்னையைக் குதறும் எலிக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் கேரளத்திலிருந்து மூன்று ஜோடிக் கூகைகளைக் கொண்டுபோனார்கள். கொண்டுபோய் விடுவதில் எனக்கு அவ்வளவு சம்மதமில்லை. ஹவாய் தீவுகளில் 1958-இல் எலிக்காக விட்ட கூகைகள் கடற்பறவைகளைத் தின்னத் தொடங்கி, இன்று பெரிய தலைவலியாகிவிட்டன. ஆரணிக்காரர் செய்திருப்பது வேறு. தானாக வரும் பறவைக்கு இடம் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

கும்மிருட்டில் காதை மட்டும் நம்பி எலி பிடிப்பது, ஓசையில்லாத சிறகு, இதெல்லாம் நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள், விட்டுவிடுகிறேன். பெட்டியைப் பற்றி ஒன்றே ஒன்று. வாசல் ஓட்டைக்கும் அடித்தளத்துக்கும் நடுவே குறைந்தது ஒன்றரை அடி ஆழம் இருக்க வேண்டும். நம் தச்சர்கள் கிளிக்கூண்டு நினைப்பில் ஓட்டையைத் தரையை ஒட்டி வெட்டிவிடுகிறார்கள். பறக்கத் தெரியாத குஞ்சு எட்டிப் பார்த்துத் தவறி விழும். கீழே விழுந்த குஞ்சைத் தாய் தந்தை பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. எடுத்து மறுபடி பெட்டியில் விட்டால்தான் பிழைக்கும். சித்திரை வெயிலில் வெட்டவெளிக் கம்பத்தில் நிற்கும் பெட்டி உள்ளே வெந்துவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். நிழல் வேண்டும். திருவண்ணாமலை மலைப் பாறைகளில் அமரும் கொம்பன் ஆந்தையை எதிர்பார்த்து யாரும் பெட்டி அடிக்க வேண்டாம். அது பாறை விளிம்பில் வெறும் தரையிலேயே முட்டையிடுகிற ஆள்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

கூகை எல்லா முட்டையையும் அடுத்தடுத்து இட்டுவிடாது. ஏறக்குறைய இரண்டு நாளைக்கு ஒன்று வீதம் நாலோ ஐந்தோ, சில சமயம் ஏழுகூட இடும். முதல் முட்டை விழுந்ததுமே அடைக்கு உட்கார்ந்துவிடுவதால், சுமார் முப்பது நாள் கழித்துக் குஞ்சுகளும் அதே இடைவெளியில் வெளிவரும். மூத்தது பஞ்சு போர்த்தி நிமிர்ந்து உட்காரும் வேளையில் கடைக்குட்டி கண்ணே திறந்திருக்காது. இந்தக் குடும்பத்துக்கு ஒரு தடவைக்கு ஒரு எலி வரும். சின்னஞ்சிறு வயதில் தாய் கிழித்து ஊட்டும். வளர்ந்தபின் முழு எலியும் ஒரே குஞ்சின் தொண்டைக்குள் போகும். பங்கு கிடையாது.

அப்படியானால் வலுத்தது தின்னும், இளைத்தது சாகும் என்றுதான் நினைப்போம். ஆனால் ஒரு விஷயம் இடித்தது. தாயும் தகப்பனும் வெளியே போயிருக்கும்போதும் குஞ்சுகள் இரவெல்லாம் ‘ஸ்ஸ்’ என்று சீறிக்கொண்டே இருந்தன. கேட்க ஆளில்லாத நேரத்தில் யாரிடம் கேட்கின்றன? சுவிட்சர்லாந்தில் களஞ்சியங்களில் மாட்டிய பெட்டிகளை ஆண்டுக்கணக்காகக் கவனித்த அலெக்ஸாந்தர் ரூலின் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2000-இல் ஒரு விடை சொன்னார்கள்: அவை பேசுவது ஒன்றோடொன்று. அடுத்த எலி யாருக்கு என்ற பேரம் நடக்கிறது. பசி மிகுந்த குஞ்சு நீளமாகவும் அடிக்கடியும் சீறும். அதைக் கேட்டு, வயிறு கொஞ்சம் நிறைந்தவை குரலைக் குறைத்துக்கொள்ளும். எலி வரும்போது முண்டியடித்து மல்லுக்கட்டுவது அதனால் குறைகிறது.

இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு வாசலில் இருக்கும் ஆட்டோ ஸ்டாண்டு. வருவது ஒரே சவாரி, அதை இரண்டாக்க முடியாது. முதல் வண்டிக்காரர்தான் போக வேண்டும். ஆனால் பின்னாலிருந்து ஒருவர் “காலையிலேருந்து இன்னும் போணி ஆகலண்ணே” என்று நாலு தடவை சொல்லிவிட்டால், முன்னால் இருப்பவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். சவாரி பின்னால் போய்விடும்.

கூகைக் குஞ்சு அதற்கும் ஒரு படி மேலே போகிறது. வயிறு நிறைந்த மூத்த குஞ்சு, தனக்குக் கிடைத்த எலியைத் தம்பி தங்கைக்குக் கொடுப்பதைப் பிறகு கேமராவில் பார்த்திருக்கிறார்கள். பசியோடு கெஞ்சும் குஞ்சுக்கும் கொடுக்கும், தன் இறகைக் கோதிவிடும் குஞ்சுக்கும் கொடுக்கும். ரொம்பவும் உருகிவிட வேண்டாம். எலி அறவே கிடைக்காத பருவத்தில் கடைக்குட்டி செத்தால், மற்றவை அதையும் தின்றுவிடும்.

இதெல்லாம் பெட்டி இருந்ததால் தெரிந்தது. நம்மிடமும் இந்த வேலை நடந்திருக்கிறது. மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியில் ஆர். நாகராஜன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கூகைக் குஞ்சுகளை அளந்து, அவற்றின் வளர்ச்சியைப் பற்றி 2002-இல் ‘தி காண்டோர்’ என்ற பறவையியல் இதழில் எழுதினார்கள்.

ஆகவே ஏறிப் பார்க்கலாமா? முட்டைக் காலத்தில் கூடவே கூடாது. பெண் கூகை மிரண்டால் முட்டைகளை விட்டுவிட்டுப் போய்விடும். அப்போது கீழே இருந்தபடியே பாருங்கள். அந்தி மசங்கும் நேரத்தில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தால், ஆண் எலியோடு வந்து நுழைவது தெரியும். பெண் வெளியே வருவதில்லை என்றால் உள்ளே முட்டையோ சின்னக் குஞ்சோ இருக்கிறது. குஞ்சுகள் மூன்று நான்கு வாரம் வளர்ந்தபின், கழியின் நுனியில் செல்போனைக் கட்டி ஓட்டை வழியே ஒரு படம் எடுக்கலாம், ஃப்ளாஷ் வேண்டாம். பெட்டியைத் திறக்கத்தான் வேண்டுமென்றால் வனத்துறை அனுமதி பெற்ற ஆய்வாளர்கள் வரட்டும். அவர்கள் ஏணியில் ஏறுமுன் கம்பில் துணிப்பந்து சுற்றி வாசலை மெல்ல அடைப்பார்கள். கூகை பட்டப்பகலில் வெளியே பாய்ந்துவிட்டால் காக்கைகள் துரத்தித் துரத்திக் கொத்தும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கூகையைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். தீபாவளிப் பக்கம் மாந்திரீகத்துக்காக ஆந்தை விற்கும் கூட்டம் இன்னும் இருக்கிறது. பெட்டி இருக்கும் இடத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கூகைக்கு நம் ஊர்களில் பெட்டி தேவைப்பட்டதே இல்லை. கோபுர நிலைகள், மண்டப இருட்டு, பாழுங்கிணறு, ஓட்டு வீட்டு மச்சு என்று எத்தனையோ இடம் இருந்தது. புறாத் தொல்லை என்று இப்போது கோபுர வாசல்களில் வலை அடிக்கிறார்கள், திருப்பணி என்றால் பொந்துகளைச் சிமென்டால் பூசி விடுகிறார்கள். புறா எச்சம் சுதையைக் கெடுக்கும் என்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தில் தேவாலயக் கோபுரச் சாளரத்துக்குப் பின்னால் பெட்டியைப் பொருத்திவிடுகிறார்கள். பறவை நேரே பெட்டிக்குள் போகும், எச்சமும் அதற்குள்ளேயே கிடக்கும். 217 அடி உயரத்தில் பதினோரு நிலைகளோடு நிற்கிற நம் திருவண்ணாமலை ராஜகோபுரம் போன்ற ஒன்றில், ஒரே ஒரு சாளரத்தை அப்படி விட்டால் என்ன குறைந்துவிடும்? வலை அடிக்கும் முன் உள்ளே ஏதாவது வசிக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிற வழக்கமாவது வர வேண்டும்.

வயல்காரர்களுக்கும் ஒன்று. பெட்டியும் புரோமடியோலோன் என்ற எலி மருந்தும் ஒரே வயலில் ஒத்துவராது. அந்த மருந்து தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடும். கூகைக்குச் சுலபமாகச் சிக்குவது அதுதான்.

மருந்து வைக்கலாமா என்று முடிவெடுக்குமுன் பெட்டிக்கு அடியில் கிடக்கும் உருண்டைகளைப் பொறுக்கிப் பாருங்கள். கட்டைவிரல் அளவில், புதிதாக இருந்தால் கறுத்துப் பளபளவென்றிருக்கும். செரிக்காத மயிரையும் எலும்பையும் கூகை கக்கியது. கையுறை போட்டுக்கொண்டு ஒன்றை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தால் சின்னச் சின்ன மண்டையோடுகள் கையில் வரும். முன்னால் ஆரஞ்சு நிற உளிப்பல், அதற்குப் பின்னால் வெற்றிடம், அப்புறம் கடைவாய்ப்பல் என்றிருந்தால் எலி. அந்த வெற்றிடம் இல்லாமல் முனைமுனையான பல் வரிசையாக இருந்தால் மூஞ்சூறு. கரம்பை எலியின் மண்டை பெரிது, வயல் சுண்டெலியினுடையது விரல்நுனியில் நிற்கும். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்தால், பட்டத்துக்குப் பட்டம் எந்த எலி எவ்வளவு என்று தெரியும். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் நோட்டை அதனிடம் கொடுத்துவிடுங்கள்.