பையைத் தாங்கும் பெல்ட், வயிற்றைத் தாங்கும் பெல்ட்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் இடுப்பு சும்மா இருக்கும் நேரம் குறைவு. விடிந்ததும் தண்ணீர்க் குடம் ஏறுவது இடுப்பில். பருத்தி எடுக்கப் போனால் சேலையை மடியாகக் கட்டி, எடுத்த பருத்தியைத் திணித்துக்கொள்வதும் இடுப்பில். உளுந்துக்கும் பாசிக்கும் களை எடுக்கக் குத்தவைத்து உட்கார்ந்தால் வயிறு தொடையோடு மடங்குகிறது. தீப்பெட்டி ஆபீசில் பண்டல் கட்டும் பெண்கள் தரையில் மணிக்கணக்கில் உட்காருகிறார்கள். ஆண்களுக்குக் கைலி முடிச்சு, அதற்கடியில் அரைஞாண் கயிறு. இப்படி ஓயாமல் உழைக்கும் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்து ஒரு பையையும் பொருத்திவிட்டால், அதன்மேல் கட்டும் பெல்ட்டை ஏனோதானோவென்று வாங்க முடியாது.

மலக்குடலில் புற்றுநோய், டைபாய்டிலோ காசநோயிலோ குடலில் விழுந்த ஓட்டை, குடல் முறுக்கு, விபத்துக் காயம், ஆசனவாய் திறக்காமலே பிறந்த குழந்தை என்று பல காரணங்களால் குடலின் ஒரு முனையை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து தைக்க வேண்டியிருக்கிறது. அந்த வாய்தான் ஸ்டோமா. பெருங்குடலில் வைத்தால் கொலஸ்டமி. பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வைத்தால் இலியோஸ்டமி, பெரும்பாலும் வலப்பக்கம். சிறுநீருக்காக வைப்பது யூரோஸ்டமி. சிலருக்குச் சில மாதங்களில் மறு அறுவை செய்து குடலை உள்ளே இணைத்துவிடலாம். சிலருக்கு ஆயுள் முழுக்க அதுவே வழி. ஊரில் இதை யாரும் நோயின் பெயரால் சொல்வதில்லை. ‘வயித்துல பை வச்சிருக்கு’ என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்.

பெல்ட்டே எல்லாமுமாக இருந்த காலம்

எழுபது ஆண்டுகளுக்கும் முன்பு இன்றுபோல் ஒட்டும் பை கிடையாது. ரப்பர்ப் பையையோ கிண்ணத்தையோ வயிற்றில் வைத்து, நழுவாதபடி பெல்ட்டால் இறுக்கிக் கட்டினார்கள். இறுக்கினால் தோல் புண்ணாகும், தளர்த்தினால் ஒழுகும். டென்மார்க்கைச் சேர்ந்த செவிலியர் எலிசே சோரன்சனின் தங்கை தோரா, அறுவைக்குப் பிறகு வெளியே போகவே அஞ்சி வீட்டுக்குள் முடங்கினார். அந்தத் தங்கைக்காக 1954இல் சோரன்சன் யோசித்ததுதான், தோலில் ஒட்டிக்கொள்ளும், பயன்படுத்தித் தூக்கி எறியக்கூடிய பிளாஸ்டிக் பை. பிளாஸ்டிக் தொழில் நடத்திய ஆகே லூயி ஹான்சன் முதலில் தயங்கினார். அவருடைய மனைவி யோஹன்னே வற்புறுத்திய பிறகு பை தயாரானது. 1957இல் அதிலிருந்து கோலோபிளாஸ்ட் நிறுவனம் பிறந்தது. 

அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் அறுவை மருத்துவர் ரூபர்ட் டர்ன்புல், தோலைக் காக்கக் கராயா பிசினைப் பயன்படுத்தலாம் என்று கண்டறிந்தார். இந்தியாவின் வறண்ட காடுகளில் வளரும் மரத்தின் பிசின் அது. அவரிடம் அறுவை செய்துகொண்ட நோர்மா கில், 1958இல் அதே மருத்துவமனையில் மற்ற நோயாளிகளுக்குப் பை பொருத்தக் கற்றுக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். அவர் செவிலியர் அல்ல. தாமே பை அணிந்தவர். ஸ்டோமா பராமரிப்பு என்னும் தனித் துறை அவரிடமிருந்துதான் வளர்ந்தது.

ஒட்டும் பொருள் வந்ததும் பையைப் பிடித்து நிறுத்தும் சுமை பெல்ட்டிடமிருந்து பெருமளவு இறங்கியது. அதன்பின் பெல்ட் இரண்டு வகையாகப் பிரிந்தது. வாங்கப் போகிறவர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது இந்தப் பிரிவைத்தான்.

இரண்டும் வேறு வேலை

முதலாவது, பையைத் தாங்கும் மெல்லிய பெல்ட். ஓரங்குல அகல எலாஸ்டிக். பையின் இரு பக்கமும் உள்ள காதுகளில் அதன் கொக்கிகள் மாட்டும். பை நிறைந்து கனக்கும்போது ஒட்டுப் பகுதி உரியாமல் காப்பதும், ஸ்டோமா தோல் மட்டத்துக்குத் தாழ்ந்திருப்பவர்களுக்கு, தோலில் ஒட்டும் குவிந்த தட்டை லேசாக அழுத்திப் பிடிப்பதும் இதன் வேலை. பையில் காது இல்லையென்றால் இந்தப் பெல்ட் பயன்படாது. ஒரு கம்பெனியின் கொக்கி இன்னொரு கம்பெனியின் காதில் பொருந்தாமலும் போகலாம். ஆகவே பையைக் கையில் கொண்டுபோய் மாட்டிப் பார்த்தே வாங்க வேண்டும்.

இரண்டாவது, வயிற்றைத் தாங்கும் அகலப் பெல்ட். நான்கு அங்குலம் முதல் எட்டு, ஒன்பது அங்குலம் வரை அகலம் உண்டு. ஸ்டோமாவைச் சுற்றி வயிறு புடைப்பவர்களுக்கும், புடைத்துவிடுமோ என்ற நிலையில் இருப்பவர்களுக்கும் உரியது இது. சிலவற்றில் பை வெளியே வர வட்டத் துளை இருக்கும்.

மருந்துக்கடையில் ‘வயிற்றுக்குப் பெல்ட்’ என்று மட்டும் கேட்டால், பிரசவத்துக்குப் பின் கட்டும் பெல்ட்டையோ, தொடை இடுக்கில் வரும் ஹெர்னியாவுக்கான பெல்ட்டையோ எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். தொடை இடுக்குப் பெல்ட்டால் ஸ்டோமாவுக்குப் பயனே இல்லை. துளையில்லாத சாதாரணப் பெல்ட்டைப் பையின் மேல் இறுக்கினால், மலம் பைக்குள் இறங்க வழியின்றி ஸ்டோமாவைச் சுற்றியே தேங்கி ஒட்டுக்கடியில் கசியும்.

வயிறு ஏன் புடைக்கிறது?

ஸ்டோமாவை வெளியே எடுக்க, வயிற்றின் முன்தசையில் மருத்துவர் ஒரு வழி உண்டாக்குகிறார். உறுதியான சுவரில் அது ஒரு பலவீனமான இடம். இருமும்போதும், முக்கும்போதும், கனம் தூக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. பலவீனமான இடத்தை அது அகட்டப் பார்க்கிறது. வளைந்த சுவரின் இழுவிசை, உள்ளழுத்தத்தையும் வளைவின் ஆரத்தையும் பொறுத்துக் கூடும் என்பது லாப்லாஸ் விதி. வாய் அகல அகல விளிம்பை இழுக்கும் விசையும் கூடுகிறது. அதனால்தான் ஒருமுறை தொடங்கிய புடைப்பு மேலும் வளர்கிறது. இதுவே ஸ்டோமாவை ஒட்டிய குடலிறக்கம். 2018இல் வெளியான ஐரோப்பிய ஹெர்னியா சங்க வழிகாட்டுதல், நிரந்தரக் கொலஸ்டமி உள்ளவர்களில் ஓராண்டில் 30 சதவீதத்துக்கு மேல், இரண்டாண்டில் 40 சதவீதம், அதற்குப் பின் 50 சதவீதமோ அதற்கு மேலோ இது வருவதாக மதிப்பிடுகிறது. ஆகவே புடைப்பு வந்தால், ‘நாம்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம்’ என்று யாரும் குமைய வேண்டியதில்லை.

பெல்ட் இந்த வாயை மூடிவிடாது. வெளியிலிருந்து எதிரழுத்தம் கொடுக்கும். இழுத்துப் பிடிப்பது போன்ற வலியையும் கனத்தையும் குறைக்கும். பை ஒட்டும் பரப்பைச் சமமாக வைக்கும். ஆனால், பெல்ட் கட்டியிருக்கிறோம் என்ற தைரியத்தில் குடம் தூக்கக் கூடாது. 15 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் 15 கிலோ. அறுவைக்குப் பின் முதல் மூன்று மாதமாவது அந்தச் சுமையை வீட்டில் வேறொருவர் ஏற்க வேண்டும். பிறகும் பாதிக் குடமாக எடுப்பதோ தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுவதோ நல்லது. பருத்தி மடியை இடுப்பில் கட்டாமல், தோளில் மாட்டும் பையாக மாற்றிக்கொள்ளலாம்.

அளவு எடுப்பது எப்படி?

வழக்கமாகத் துணிக்கு எடுக்கும் இடுப்பளவு இதற்கு உதவாது. ஸ்டோமா இருக்கும் மட்டத்தில் வயிற்றைச் சுற்றி அளக்க வேண்டும். நின்றபடி ஒருமுறை, மல்லாந்து படுத்து ஒருமுறை. புடைப்பு இருந்தால் இரண்டு அளவுக்கும் நல்ல வித்தியாசம் தெரியும். கடையில் இரண்டையும் சொல்ல வேண்டும். அடுத்து அகலம்: புடைப்பை மேலும் கீழும் முழுதாக மூட வேண்டும், ஆனால் சம்மணம் போட்டால் மேல்விளிம்பு விலாவில் குத்தக் கூடாது, குத்தவைத்தால் கீழ்விளிம்பு தொடையில் மடங்கிச் சுருளக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து வாங்கும் பெல்ட், தரையில் வேலை செய்யும் உடம்புக்குப் பொருந்தாமல் போகும். ஆகவே வாங்குமுன் நின்று, குனிந்து, குத்தவைத்து, சம்மணமிட்டு நான்கு நிலையிலும் கட்டிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, துளை. பேஸ் பிளேட் என்று சொல்லப்படும், தோலில் ஒட்டும் தட்டின் விட்டத்துக்குச் சற்றுத் தாராளமாக அது இருக்க வேண்டும். மிகப் பெரிதானால் புடைப்பு அந்தத் துளை வழியாகவே பிதுங்கும். சிறிதானால் தட்டை நெருக்கும். வீட்டில் கத்தரியால் துளை போடக் கூடாது: விளிம்பு பிரிந்து தளரும், அளவும் தப்பும். ஸ்டோமா இடமா வலமா, தொப்புளிலிருந்து எத்தனை விரற்கடை தூரம் என்பதையும் குறித்துக்கொண்டு போக வேண்டும்.

அறுவை முடிந்த முதல் ஆறு முதல் எட்டு வாரம் ஸ்டோமாவின் வீக்கம் வடிந்துகொண்டே இருக்கும். அளவு நிலைப்பட்ட பின், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு நிரந்தரப் பெல்ட் வாங்கினால் பணம் வீணாகாது.

கரிசல் வெயிலும் வியர்வையும்

பேஸ் பிளேட்டின் ஒட்டுப் பொருளில் பெக்டின், ஜெலட்டின், கார்பாக்ஸி மெத்தில் செல்லுலோஸ் போன்றவை கலந்திருக்கின்றன. கரிசல் மண் மழைநீரைக் குடித்து உப்புவதுபோல இவை தோலின் வியர்வையை உறிஞ்சி உப்பும். தோல் ஊறிப் புண்ணாகாமல் காப்பது இந்தக் குணமே. ஆனால் அளவு மீறினால் இளகிக் கரைந்து ஒட்டு விடும். சித்திரை வெயிலில், தடித்த ரப்பர்த்தன்மையுள்ள நியோபிரீன் பெல்ட்டைக் கட்டினால் அடியில் வியர்வை தேங்கி இது விரைவாக நடக்கும். தோலில் படையும் வரும். இந்தப் பகுதிக்குக் காற்றோட்டமுள்ள வலைப்பின்னல் எலாஸ்டிக்கோ, உட்புறம் பருத்தி கலந்ததோ பொருத்தம். இரண்டு பெல்ட் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கட்டலாம். சாதாரண சோப்பில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். உச்சி வெயில் எலாஸ்டிக்கைத் தொய்யச் செய்துவிடும். தொய்ந்த பெல்ட் வெறும் துணிதான்.

இலியோஸ்டமி உள்ளவர்கள் வெயிலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் நீரும் அதோடு உப்பும் பை வழியே போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்து இதை ஈடுகட்ட முடியாது. ஓ.ஆர்.எஸ். கரைசல், உப்பிட்ட நீர்மோர், நீராகாரம் உதவும். இருதய, சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.

கட்டும் முறையும் கழற்றும் நேரமும்

அகலப் பெல்ட்டைப் படுத்த நிலையில்தான் கட்ட வேண்டும். பையைக் காலி செய்து, மல்லாந்து படுத்துச் சில நிமிடம் பொறுத்தால் புடைப்பு தானாக உள்ளே அமரும். பையைத் துளை வழியே வெளியே எடுத்துவிட்டு, பெல்ட்டைச் சமமாக இழுத்து ஒட்ட வேண்டும். நின்றுகொண்டு கட்டினால், வெளியே வந்த குடலையே இறுக்குகிறோம். மெல்லிய பெல்ட் ஸ்டோமாவின் நேர்மட்டத்தில் ஓட வேண்டும். மேலே ஏறினால் பையை ஒருபக்கமாக இழுத்து ஒட்டைக் கிளப்பும். பெல்ட்டுக்கடியில் இரண்டு விரல் நுழைய இடம் வேண்டும். அரைஞாண் கயிறோ பாவாடை நாடாவோ தட்டின்மேல் ஓடினால் அதை மேலேயோ கீழேயோ நகர்த்தியே ஆக வேண்டும். இரவில் பெல்ட்டைக் கழற்றித் தோலைக் காற்றாட விடலாம்.

ஸ்டோமாவில் வலியுணரும் நரம்புகள் கிடையாது. பெல்ட்டின் விளிம்பு அதைக் கீறினாலும் வலிக்காது. ஆகவே தினமும் கண்ணால் பார்க்க வேண்டும். சிவந்து ஈரமாக இருப்பது ஆரோக்கியம். கருத்துப்போனாலோ, புடைப்பு படுத்தாலும் உள்ளே போகாமல் கடுமையாக வலித்தாலோ, வாந்தியோடு பையில் எதுவும் இறங்காமல் நின்றாலோ பெல்ட்டைக் கழற்றிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சரியாக மெல்லாத நிலக்கடலையும் மக்காச்சோளமும் இலியோஸ்டமியை அடைத்துவிடக்கூடும். கடலைமிட்டாய்க்குப் பெயர்போன கோவில்பட்டிப் பக்கத்தில் இதைச் சொல்லியாக வேண்டும்.

அறுவைக்கு முன்பே தொடங்க வேண்டியது

நல்ல பெல்ட்டைவிடப் பெரிய உதவி, ஸ்டோமாவைச் சரியான இடத்தில் வைப்பது. அவசரமில்லாத அறுவை என்றால், முந்தின நாளே நோயாளியை நிற்க, உட்கார, குனிய வைத்து, மடிப்பும் தழும்பும் துணி முடிச்சும் படாத, அவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மையால் குறிக்கச் சொல்லலாம். கரிசல்காட்டு ஆளுக்குக் குத்தவைத்தும் பார்க்க வேண்டும். சேலை எங்கே கட்டுவீர்கள், கைலி எங்கே முடிவீர்கள் என்றும் கேட்க வேண்டும். மருத்துவர் கேட்க மறந்தால் குடும்பத்தார் எடுத்துச் சொல்லலாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இதற்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர்கள் இருக்கிறார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏழைக்கு அறுவை சிகிச்சையின் கதவைத் திறந்திருக்கிறது. ஆனால் பையும் பெல்ட்டும் அறுவை அறையோடு முடியும் செலவு அல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஸ்டோமாவுக்கு இடமில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் திரவப் பைகளை வாசலில் கொண்டுவந்து தருகிறது. அதே கைகள் ஸ்டோமாப் பையையும், அளந்து தேர்ந்த பெல்ட்டையும் கொண்டுவர முடியும். அளவெடுக்கக் கற்ற ஒரு செவிலியரும், நோர்மா கில்லைப் போலத் தாமே பை அணிந்து தேறிய ஒருவரும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் வாரம் ஒருநாள் உட்கார்ந்தால், ஒரு பெல்ட்டுக்காக மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் பஸ் ஏறும் அலைச்சல் குறையும். காட்டு வேலைக்குத் திரும்ப வேண்டியவரை வீட்டுக்குள் முடக்குவது பெரும்பாலும் ஸ்டோமா அல்ல. பொருந்தாத பையும், அளக்காத பெல்ட்டும், கேட்க ஆளில்லாத கூச்சமும்தான். மூன்றுமே சரிசெய்யக்கூடியவை.