லேமிங்டன் ரோட்டில் நடக்கும் குவாண்டம் வித்தை

தாராவியிலிருந்து மாகிம் ஸ்டேஷனுக்கு நடந்து, ஸ்லோ டிரெயின் பிடித்து கிராண்ட் ரோட்டில் இறங்கினால் லேமிங்டன் ரோடு பக்கம்தான். மும்பையின் கம்ப்யூட்டர் சந்தை அது. பிள்ளைகள் படிப்புக்காக செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப் ஆன் ஆகவே ஐந்து நிமிடம் எடுக்கிறதென்றால், அங்கே சொல்லும் முதல் வைத்தியம் 'எஸ்எஸ்டி போடுங்க'. அடிமூடியைத் திறந்து, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, அந்த இடத்தில் அதே அளவு எஸ்எஸ்டியைச் சொருகுகிறார்கள். விண்டோஸ் ஏற்றியபின் பார்த்தால் அதே மெஷின் அரை நிமிடத்துக்குள் தயாராகிவிடுகிறது.

பிராசஸர் மாறவில்லையே, வேகம் எங்கிருந்து வந்தது?

ஹார்டு டிஸ்க்கில் காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல்கிறது. லேப்டாப்பில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று; ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர்ந்து, வேண்டிய இடம் சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படித்தால் விநாடிக்கு நூறு துணுக்கு தேறுவதே பெரிது. விண்டோஸுக்கோ ஆயிரக்கணக்கில் வேண்டும். பாவம், பிராசஸர் இத்தனை வருடமும் காத்துக்கிடந்திருக்கிறது.

எஸ்எஸ்டியில் சுழல எதுவுமில்லை; அந்தக் காத்திருப்பும் இல்லை. அதன் சிலிக்கன் சில்லில் கோடிக்கணக்கான நுண்ணறைகள். ஒவ்வொன்றும் கதவே இல்லாத அறை. சுற்றிலும் மின்காப்புச் சுவர், ஒரு பக்கம் அதன் தடிமன் பத்து நானோமீட்டருக்கும் குறைவு. போதிய மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான் அந்தச் சுவரைத் துளைக்காமலே மறுபுறம் போய்விடுகிறது. குவாண்டம் இயற்பியல் மட்டுமே அனுமதிக்கும் செயல் இது. அழுத்தம் நின்றதும் எலக்ட்ரான் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்; அதுதான் பதிவு. பேட்டரி தீர்ந்தாலும் கல்யாணப் போட்டோ அழியாமலிருப்பது இந்தச் சிறையால்தான். இந்த அமைப்பை 1967-இல் பெல் ஆய்வகத்தின் டாவோன் காங்கும் சைமன் சீயும் முன்வைத்தார்கள். 1980களில் தோஷிபாவின் ஃபூஜியோ மசுவோகா அதை எஸ்எஸ்டிக்குள் இருக்கும் ஃப்ளாஷ் நினைவகமாக்கினார். இவ்வளவு ஆழமான இயற்பியல் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு நம் வீட்டுக்கு வந்துவிட்டது என்பது எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் சுவர் கொஞ்சம் தேயும். அதனால் உள்ளிருக்கும் கன்ட்ரோலர் ஒரே அறையை வதைக்காமல் எல்லா அறைகளுக்கும் வேலையைப் பகிர்ந்து கொடுக்கிறது. சாதாரண வீட்டு உபயோகத்தில் பல வருடம் தாங்கும்.

கழற்றிய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் பழைய சாமான் வாங்கும் பங்கார்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டால் பேக்கப்புக்கு ஆகும். காரணம், மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் பீரோவில் கிடந்தால் எஸ்எஸ்டியின் எலக்ட்ரான்கள் மெல்லக் கசியக்கூடும். காந்தப் பதிவுக்கு அந்தக் கசிவு இல்லை.