முழங்கால் தசைநார்கள்

முழங்கால் தசைநார்கள் என்பவை முழங்கால் மூட்டில் எலும்பை எலும்போடு பிணைக்கும் உறுதியான நார்ப்பட்டைகள் ஆகும். தசையை எலும்போடு இணைப்பது தசைநாண், இரண்டும் வேறு. பேச்சு வழக்கில் தசைநாரை 'ஜவ்வு' என்பர். எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் உள்ள பிறைவடிவக் குருத்தெலும்பையும் அப்படியே சொல்வதால், 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்றால் எது என்று மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

அமைப்பு

தொடை எலும்பின் உருண்ட கீழ்முனை, கால் முன்னெலும்பின் ஏறக்குறைய தட்டையான மேற்பரப்பில் அமர்ந்துள்ளது. எலும்புகளின் வடிவம் மட்டும் இம்மூட்டை நிலைநிறுத்தாது. நான்கு முதன்மைத் தசைநார்கள் அதைக் காக்கின்றன.

- முன் சிலுவைத் தசைநார்: கால் முன்னெலும்பு முன்னோக்கி நழுவாமலும் அளவுக்கு மீறித் திருகாமலும் தடுக்கிறது.
- பின் சிலுவைத் தசைநார்: அவ்வெலும்பு பின்னோக்கி நழுவாமல் தடுக்கிறது.
- உட்பக்கத் தசைநார்: முழங்கால் உட்புறமாக வளையாமல் காக்கிறது.
- வெளிப்பக்கத் தசைநார்: வெளிப்புறமாக வளையாமல் காக்கிறது.

இயக்கம்

முழங்கால் வெறும் கதவுக் கீல் அன்று. காலை மடக்கும்போது தொடை எலும்பு பின்னோக்கி உருள்கிறது. உருண்டுகொண்டே போனால் விளிம்பைத் தாண்டிவிடும். சிலுவைத் தசைநார்கள் இழுத்துப் பிடிப்பதால் அது உருளும்போதே சறுக்கி, தன் இடத்தில் நிற்கிறது. காலை முழுவதும் நீட்டும்போது கால் முன்னெலும்பு சற்றே வெளிப்புறம் திரும்பி, மூட்டு பூட்டிக்கொள்கிறது. பண்பொழி திருமலைக் கோயில் படிகளில் இறங்கும்போது உடல் எடை தொடை எலும்பை முன்னே தள்ளுகிறது. அதைத் தாங்குவதில் பின் சிலுவைத் தசைநாருக்குப் பெரும் பங்கு உண்டு.

கிழிவு

குற்றாலத்தின் ஈரப் பாறையில் பாதம் இடுக்கில் மாட்டி, உடல் மட்டும் திரும்பினால் முன் சிலுவைத் தசைநார் கிழியக்கூடும். கபடியிலும் இவ்வாறே நிகழ்கிறது. பலருக்கு 'டப்' என்ற ஓசை கேட்கும். சில மணி நேரத்தில் மூட்டு வீங்கும். உடனே ஓய்வு, துணியில் சுற்றிய பனிக்கட்டி, மீள்கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகியவை உதவும். எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவக் கூடாது.

சில வாரங்களில் வீக்கம் வடிந்து, நடக்கவும் முடியும். அதனால் தசைநார் சேர்ந்துவிட்டது என்று பொருளல்ல. உட்பக்கத் தசைநார் பெரும்பாலும் தானே ஆறும். முழுதும் அறுந்த முன் சிலுவைத் தசைநார் தானே சேர்வது அரிது. திரும்பும்போது முழங்கால் நழுவுவதே அதன் அடையாளம். அதைப் பொருட்படுத்தாமல் ஓடி விளையாடினால் பிறைவடிவக் குருத்தெலும்பும் சிதையும்.

எல்லாருக்கும் அறுவை தேவைப்படாது. சிலருக்குத் தொடைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியே போதும். ஆனால் அவசரம் கூடாது. 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்தில் முழங்கால் தசைநார்கள் கிழிந்த கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த், 2024 மார்ச்சில்தான் களம் திரும்பினார்.